பன்னிரண்டுக்கும் ஒரே காப்பு

ஒன்பதாம் நாள் சாயங்காலம் கூட்டிப் பார்த்தபோது பன்னிரண்டு பேருக்கும் பூஜ்யம் வந்தது. மகாதேவி கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கூட்டினாள். மறுபடியும் பூஜ்யம்தான். ‘போனைப் பார்க்கவேண்டும் என்று இன்று தோன்றியதா’ என்பதில் தொடங்கி ‘போன் இல்லாததால் எரிச்சல் வந்ததா’ என்பது வரை ஒன்பது கேள்விக்கும் பன்னிரண்டு பேரும் ‘இல்லை’ என்று ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள். நான்காம் நாள் வரை போனைக் கொடு என்று கெஞ்சியவர்கள், வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள், அதில் ஒருவர் கல்லைத் தூக்கிக் காட்டியவர். மனுஷ ஜன்மம் அப்படி ஒரே சீராக ஒழுங்காகிவிடாது. பதினோரு வருஷமாக ஆட்களின் பழக்கங்களையே ஆராய்ந்துகொண்டிருக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது.

பேராசிரியர் சேனாதிபதிக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. போன் இல்லாமல் ஆட்களை இருபத்தோரு நாள் இருக்கவைத்துப் பார்க்கும் இந்த ஆராய்ச்சியை நடத்துவது அவர்; மலையில் அலைவது மகாதேவி. மதுரையிலிருந்து அவர் பேசியது அவளுடைய பட்டன் போனில் இரைந்தது.

“அபாரம்மா! இப்படி ஒரு ரிசல்ட்டை எவனும் பாத்திருக்க மாட்டான். இருபத்தோரு நாளும் அப்படியே கொண்டுபோயிரணும். நடுவுல பெட்டியைத் திறந்தீங்கன்னா மொத்தமும் வீண், சொல்லிட்டேன்.”

“சார், இது இயற்கையா தெரியல. யாருக்குமே ஒரு சின்ன ஆசைகூட…”

“ஆசை போகணும்னுதானே இவ்வளவும் செய்றோம்?”

அவருக்கென்ன, மதுரை வெயிலில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டார். இங்கே மலைமேல் நாயுடுபுரத்தில் மணி நாலுக்கே பனிமூட்டம் இறங்கி எதிர்வீட்டை விழுங்கியிருந்தது. யூகலிப்டஸ் விறகுப் புகையும், காயாத கம்பளியின் வாடையும், சமையலறையில் கட்டித் தொங்கவிட்ட மலைப்பூண்டின் காரமும் கலந்து அந்த ஈரத்தில் நகராமல் நின்றன. மகாதேவி காகிதங்களை அடுக்கிவைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் சரியாக விழுந்தது. ரொம்ப நேரமாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்கவேண்டும். ஈரக் கண்ணாடியைக் கட்டைவிரலால் தேய்க்கிற சத்தம். கீழேயிருந்து மேலே ஒரு இழுப்பு. சற்று நிற்கும். மறுபடி ஒரு இழுப்பு.

சத்தம் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியிலிருந்து வந்தது. அதற்குள் பன்னிரண்டு போன்கள் இருந்தன. சிம் கார்டுகளைத் தனியாக எடுத்து உறையில் போட்டு ஒட்டியாகிவிட்டது. ஒன்பது நாளாகச் சார்ஜ் கிடையாது. பெட்டிச் சாவி அவள் கழுத்துக் கயிற்றில் கிடந்தது.

எலியாக இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படித்தவளுக்கு முதலில் எலிதான் ஞாபகம் வரும்.

தங்கை ஜெயப்பிரியா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். காலையில் உட்காரவைத்த இடம். பக்கத்தில் வைத்த தேநீரில் ஆடை படிந்து சுருங்கியிருந்தது.

“டீ குடிக்கலையாடி?”

“குடிக்கணுமா அக்கா?”

“வேணாமா?”

“வேணும்னு இல்ல.”

முகத்தில் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்டு அவள் மறுபடி பனியைப் பார்த்தாள்.

ஆராய்ச்சி செய்கிறவரின் சொந்தக்காரர்களை அதில் சேர்க்கக் கூடாது என்பது விதி. மகாதேவி ஏழாம் எண்ணாகத் தன் தங்கையையே சேர்த்திருந்தாள். சேர்க்காமல் என்ன செய்வாள்? ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம் அந்தப் பெண் போன் திரையைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே கிடந்தாள். சாக்லேட் கடை வேலை அதில்தான் போயிற்று. குளிர்காலம் முழுக்கக் கம்பளிக்குள் ஒரு நீல வெளிச்சமாகத்தான் வாழ்ந்தாள். ஒருமுறை மகாதேவி போனைப் பிடுங்கியபோது மணிக்கட்டைக் கடித்தே விட்டாள். பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு இந்த ஒருத்தியைத்தான் மகாதேவி தன் உயிராக வைத்திருந்தாள். கடித்தாலும் அவள்தான்.

காப்புக் கட்டுகிற யோசனையும் அவளுக்காகத்தான் வந்தது. மேல்மலையில் அக்காவும் தங்கையும் பிறந்த ஊர்த் திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கிற நாள் வரை எவரும் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார்கள், கவிச்சி தொட மாட்டார்கள். ஒப்புதல் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிற ஜனம், மஞ்சள் கயிற்றுக்குக் கட்டுப்படும். பேராசிரியர்கூடப் புதுமையாக இருக்கிறது என்று பாராட்டினார். ஆள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், போன்தானே எல்லை தாண்டக் கூடாது? அதனால் போன்களுக்கே காப்புக் கட்டினாள். மேல்மலை பஸ் கிளம்புகிற நேரம், எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். மஞ்சளில் நனைத்த நூல்கண்டை எடுத்து, நடுவில் அறுக்காமலே, ஒரு போனைச் சுற்றி முடிச்சுப் போட்டு அப்படியே அடுத்த போனுக்குக் கொண்டுபோய், பன்னிரண்டையும் ஒரே கயிற்றில் கோத்துவிட்டாள்.

பன்னிரண்டு பேரில் ஒருவரான பூண்டு விவசாயி திருமலைச்சாமியின் மனைவி குப்பம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்கவும் கேட்டாள்.

“ஆளுக்கு ஒண்ணா அறுத்துல்ல கட்டணும் தாயி? ஒரு உசுருக்கு ஒரு கயிறு. நீ பாட்டுக்கு மாலை கணக்கா கோத்துட்டியே.”

“அது ஆளுக்குக் கட்டுறப்பதான் பெரியம்மா. இது வெறும் போனு.”

“எதுல கட்டுனாலும் காப்பு காப்புதான்” என்று முனகிக்கொண்டே அந்தம்மாள் பஸ் ஏறப் போனாள்.

சின்ன வயதில் வரிசையில் நின்று கையை நீட்டியபோது பூசாரி ஒவ்வொரு கைக்கும் நூலை அறுத்து அறுத்துக் கட்டியதை மகாதேவி தன் கண்ணால் பார்த்தவள். தெரியாமல் செய்திருந்தால் மனதை ஆற்றிக்கொள்ளலாம். அவள் தெரிந்தே செய்தாள்.

பெட்டிக்குள் ஒரு இழுப்பு. நின்றது. மறுபடி ஒரு இழுப்பு.

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். சூடாகக் கொடுத்தால் குடிப்பாள் என்று ஒரு நப்பாசை. “பிரியா, பொங்குனா இறக்கு” என்று சொல்லி அவளை அடுப்பருகே நிறுத்திவிட்டு, துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள். கொடியில் துணி சொட்டச் சொட்டத் தொங்கியது. வேலிக்கு அந்தப்பக்கம் தினமும் இந்நேரம் வந்து புல் மேய்கிற காட்டுமாட்டைக் காணவில்லை. புல் அப்படியே இருந்தது, சாணமும் நேற்றையதுதான். திரும்பி வரும்போது தீய்ந்த வாடை வந்தது. பால் தீய்ந்த வாடை இல்லை.

ஜெயப்பிரியா பால் பாத்திரத்தை வெறும் உள்ளங்கையில் ஏந்தி நின்றாள்.

மகாதேவி பாத்திரத்தைத் தட்டிவிட்டு அந்தக் கையைக் குழாய் நீரில் பிடித்தாள். தோல் வெளுத்து உரிந்திருந்தது. இவள் கத்தினாள், அழுதாள். அவளோ நீர் விழுவதைப் பார்த்தபடி நின்றாள்.

“கையை எடுக்க மாட்டியா? சுடல?”

“சுட்டுச்சு அக்கா.”

“அப்புறம் ஏன்டி?”

“எடுக்கணும்னு தோணல.”

அந்தக் கணத்தில்தான் மகாதேவிக்குப் பூஜ்யத்தின் அர்த்தம் புரிந்தது. போன் வேண்டும் என்கிற ஆசை மட்டும் போகவில்லை. வேண்டும் என்பதே போய்விட்டது. டீ வேண்டாம், சோறு வேண்டாம், சுடுகிற கையை எடுக்கவும் வேண்டாம். வேண்டும் வேண்டும் என்று பறந்துகொண்டிருந்த எதுவோ அந்தப் பெண்ணுக்குள்ளிருந்து கழன்று, கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிக்குள், கயிற்றில் கட்டிக் கிடந்தது. பூட்டியவள் இவளேதான்.

பட்டன் போன் அலறியது. குப்பம்மாள்.

“தாயி, இவரு காலையிலேருந்து பூண்டுக்காட்டுல நிக்கிறாருங்க. மழை பெய்யுது, அசைய மாட்டேங்குறாரு. காட்டுமாடு பக்கத்துல வந்து மூச்சு விடுது, நகரணும்னு இல்லைங்கிறாரு. நாலு பேரு தூக்கியாந்து போட்டோம். இப்ப பேச்சும் கொறைஞ்சு போச்சு. என்னத்தத் தாயி செஞ்சீக எங்களுக்கு?”

“நான் சரி பண்ணிடுறேன் பெரியம்மா. ஆளை விட்டு நகராதீங்க.”

“வெரசா செய்யி தாயி. வெரசா.”

ஜெயப்பிரியாவின் உள்ளங்கைக்கு மருந்து போட்டுத் துணி சுற்றி மறுபடி நாற்காலியில் உட்காரவைத்தாள். ஐந்தரைக்குள் வெளியே இருட்டிவிட்டது. பல்பு வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடி அறையையே திருப்பிக் காட்டியது: நாற்காலி, தங்கை, பின்னால் அவள். மகாதேவி தங்கையின் தலையை வருடினாள். கூந்தல் ஈரமாக இருந்தது. முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

மூச்சு இல்லை.

கண் திறந்திருந்தது. இமைத்தது. மூச்சு மட்டும் இல்லை.

“பிரியா! மூச்சு விடுடி!”

விட்டாள். சொன்னதற்காக ஒன்று விட்டாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

“விடு! இழு! மறுபடி இழு!”

இழுத்தாள். நிறுத்தினாள்.

பெட்டிக்குள் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

மகாதேவி ஒவ்வொரு மூச்சையும் சொல்லிச் சொல்லி வாங்கிக்கொண்டே ஒரு கையால் பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

“சார், பெட்டியைத் திறக்கப் போறேன்.”

“என்ன பேசுறீங்க? இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு! ரெண்டு வருஷ உழைப்பு…”

“உங்க உழைப்பைத் தூக்கிக் குப்பையில போடுங்க சார். எனக்கு என் தங்கச்சி வேணும்.”

வைத்துவிட்டாள். அந்த ‘வேணும்’ என்ற சொல்லைச் சொல்லும்போது பெட்டிக்குள் சத்தம் சட்டென்று நின்றது. காது கொடுத்துக் கேட்கிறது. அவளுக்குப் பின்கழுத்தில் மயிர் எழுந்தது. பயம்தான். பயமில்லை என்று பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் அந்தப் பயத்தையும் மீறி ஒரு எரிச்சல் வந்தது. அவள் வாடகை கொடுக்கிற வீட்டில், அவள் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, அவள் தங்கையின் மூச்சைப் பிடித்துவைக்க இது யார்?

“மூச்சு விடு பிரியா. நான் இங்கதான் இருக்கேன். விடு.”

பெட்டியைக் காலால் இழுத்தாள். கனத்தது. பன்னிரண்டு போனின் கனம் இல்லை. ஒரு ஆள் படுத்திருக்கிற கனம்.

“கெடக்கிறதெல்லாம் போதும்” என்று அதனிடம் சொன்னாள். “என் வீட்டுப் புள்ளயோடத எங்கிட்ட குடு.”

பூட்டு சில்லென்று இருந்தது. சாவி திரும்பியது.

போன்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. ஆனால் பன்னிரண்டு கண்ணாடியிலும் ஆவி படிந்திருந்தது, உள்பக்கத்தில். அந்த ஆவியில் கீழேயிருந்து மேலே ஒரு தடம். கட்டைவிரல் அகலம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடங்கள் மறுபடி இழுபட்டன. எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில். உள்ளேயிருந்து.

“மூச்சு விடு பிரியா!”

பின்னால் ஒரு மூச்சு கேட்டது.

ஏழாம் எண்ணைத் தேடினாள். பூப்போட்ட உறை, மூலையில் விரிசல். முடிச்சில் நகத்தை வைத்தாள். கயிறு நனைந்து இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. முடிச்சு அசையவில்லை. கத்தி சமையலறையில். சமையலறைக்குப் பத்து அடி. பத்து அடியும் போய் வர இரண்டு மூச்சாகும்.

“விடு. இழு. பிரியா? இழு!”

பின்னால் மூச்சு கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். ஜெயப்பிரியாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. சொன்னதைக் கேட்கவேண்டும் என்பதும் இப்போது போய்விட்டது.

மகாதேவி யோசிக்கவில்லை. கயிற்றோடு அத்தனை போனையும் வாரி எடுத்துத் தங்கையின் மடியில் கொட்டினாள். அவளுடைய வலது கட்டைவிரலைப் பிடித்து ஏழாம் போனின் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

“எடுத்துக்கடி. உனக்கு எவ்வளவு வேணுமோ பாத்துக்க. ராத்திரி பகலா பாரு. என்னைக் கடி. எதாச்சும் வேணும்னு கேளுடி, பிரியா!”

ஏழாம் போன் எரிந்தது. சிம் இல்லாமல், சார்ஜ் இல்லாமல், வெள்ளையாக. பிறகு ஆறு. பிறகு எட்டு. கயிறு போன வழியே ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் எரிந்து, பன்னிரண்டும் எரிந்து, ஒரேயடியாக அணைந்தன.

ஜெயப்பிரியா மூச்சை இழுத்தாள். நீளமான மூச்சு, தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவள் மாதிரி.

“அக்கா” என்றாள். “பசிக்குது.”

மகாதேவி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பசிக்குது! ஐந்து நாளில் முதல்முறையாக இந்தப் பெண்ணுக்கு ஒன்று வேண்டியிருந்தது. ஓடிப்போய் மதியச் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்தாள். ஜெயப்பிரியா தட்டைப் பறித்து, கட்டுப்போட்ட கையாலேயே அள்ளி அள்ளித் தின்றாள். இன்னும் கொண்டா என்றாள். இரண்டாவது தட்டும் போயிற்று. மூன்றாவதுக்குப் பானையில் அடிச்சோறுதான் இருந்தது. சமையலறையில் தொங்கிய பூண்டைக் கேட்டு வாங்கித் தோலோடு கடித்தாள். அந்தக் காரத்துக்குக் கண்ணில் நீர் வடிந்தது. நிறுத்தவில்லை.

“மெதுவாடி, விக்கிக்கப் போகுது.”

“மழைக்கு முன்ன பூண்டை வெட்டிப்புடணும்” என்றாள் ஜெயப்பிரியா, வாய் நிறைய. “இன்னைக்கு ரேட்டு என்ன போட்டுருக்கான்? பாத்துச் சொல்லு தாயி.”

குரல் அவளுடையதுதான். பேச்சு திருமலைச்சாமியுடையது.

மகாதேவியின் கை தங்கையின் முதுகில் அப்படியே நின்றது.

“என் ஸ்டேட்டஸ எத்தனை பேரு பாத்துருக்காங்க?” என்று கேட்டுக் கலகலவென்று சிரித்தாள். அது ரம்யாவின் சிரிப்பு, லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறாளே, மூன்றாம் எண், அவள் சிரிப்பு. சிரிப்பு முடிவதற்குள் இன்னொருவர் இருமினார். இன்னொருவர் பேரனைக் கூப்பிட்டார். ஒரே வாய். மென்றுகொண்டே இருந்தது.

தங்கையின் மடியில் மஞ்சள் கயிறு கிடந்தது. அறுக்காத கயிறு. ஒன்றை இழுத்தால் பன்னிரண்டும் வரும். வந்துவிட்டது.

பட்டன் போன் அடித்தது. குப்பம்மாள். அது ஓய்ந்ததும் வேறு எண். பிறகு வேறு. பதினோரு வீட்டிலும் யாரோ ஒருவர் யாரோ ஒருவரை உலுக்கிக்கொண்டிருப்பார்கள். மறுபடி குப்பம்மாள் அடித்தபோது மகாதேவி எடுத்தாள்.

“மூச்சு விடச் சொல்லிக்கிட்டே இருங்க பெரியம்மா! நிறுத்தாம சொல்லுங்க. அவரோடது எங்கிட்டதான் இருக்கு. நான் கொண்டுவந்து குடுக்கிறேன். எல்லாருக்கும் சொல்லுங்க, வீடு வீடா நானே வருவேன்.”

கத்தியை எடுத்து வந்தாள். தங்கையின் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஓடிப்போக வாசல் இருந்தது. ஓடவேண்டும் என்று உடம்பு முழுக்கக் கேட்டது. உட்கார்ந்தாள்.

“பன்னிரண்டு பேரும் கேளுங்க. ஆளுக்கு ஒண்ணா அறுத்துக் கட்டுறேன். தப்பு என்னோடது, நானே சரி பண்றேன். ஆனா இது என் தங்கச்சி உடம்பு. ஒருத்தரும் இங்க தங்க முடியாது.”

மெல்லுவது நின்றது.

ஜெயப்பிரியா அவளைப் பார்த்தாள். சோறு ஒட்டிய வலது கையைத் தூக்கினாள். கட்டைவிரலை அக்காவின் தாடையில் வைத்தாள். மெதுவாக மேலே இழுத்தாள். உதடு, மூக்கு, நெற்றி. சற்று நிறுத்திப் பார்த்தாள். பெட்டிக்குள் கேட்ட அதே நிறுத்தல்.

மறுபடி.

ரசத்தின் வாடை. விரல் சூடு. மகாதேவி கயிற்றை எட்டிப் பிடித்து முதல் முடிச்சில் கத்தியை வைத்து அறுத்தாள். ஜன்னல் பக்கம் கண் போயிற்று.

ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தில் விரல் மேலே போனது. அதோடு அவள் தாடையும் போனது. உதடு மூக்கிருந்த இடத்துக்கு. மூக்கு நெற்றிக்கு. கழுத்துக்குக் கீழேயிருந்து இன்னொரு தாடை வந்தது. மச்சம் உள்ளது. யாரோ ஒரு பெண். பல் தெரியச் சிரித்தாள்.

தங்கைக்குப் பிடிக்கவில்லை. தள்ளினாள். ஒரு கிழவன். தள்ளினாள். ஒரு குழந்தை. தள்ளினாள்.

மகாதேவிக்கு வலிக்கவில்லை. அதுதான் பயங்கரம். முகம் வழுக்கிக்கொண்டு போவது மட்டும் தெரிந்தது. கை தடவித் தடவி அடுத்த முடிச்சைத் தேடியது. அறுத்தது. இரண்டு.

“நான்தான்டி” என்றாள், எந்த வாய் கிடைத்ததோ அந்த வாயால். “மகாதேவி. தள்ளு. எத்தனை தள்ளுவியோ தள்ளு. சுத்திச் சுத்தி நான்தான் வருவேன்.”

வந்தாள். ஆறாவதோ ஏழாவதோ இழுப்பில் கண்ணாடியில் அவள் முகமே வந்தது. மூக்குக்கண்ணாடி, அழுது வீங்கிய கண். விரல் அங்கே நின்றது. ஒரு நொடி, இரண்டு நொடி.

“பாத்தியா” என்றாள் மகாதேவி. மூன்றாவது முடிச்சை அறுத்தாள்.

விரல் மறுபடி மேலே இழுத்தது. இந்தமுறை வேகமாக. கீழேயிருந்து வந்த முகத்தில் ஒன்றும் இல்லை. நெற்றி முதல் தாடை வரை வெறும் தோல், நடுவில், போனில் படம் வரத் தாமதமாகும்போது சுற்றுவது போல, ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, தலையின் விளிம்பில், அவளுடைய இரண்டு கண்களும் நழுவிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றை அவள் மூடவில்லை.